ஃபைவ் ஸ்டார் வாங்கலாமா? கடைக்குப் போகும் முன் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள்

ஃப்ரிட்ஜ் வாங்கப் போனால் கடையில் இருப்பவர் முதலில் காட்டுவது ஃபைவ் ஸ்டார் மாடலைத்தான். "நாலாயிரம் கூடத்தான், ஆனா மூணு வருஷத்துல கரண்ட் பில்லுல திரும்ப வந்துடும்" என்பார். சிலருக்கு அது உண்மையாகவே சில வருடத்தில் வந்துவிடும். சிலருக்கு அந்த ஃப்ரிட்ஜ் இரும்புக்கடைக்குப் போகும் நாள்வரை வராது. இரண்டு பேரும் வாங்குவது ஒரே பெட்டிதான். வித்தியாசம் பெட்டியில் இல்லை, உங்கள் வீட்டு பில்லில் இருக்கிறது. அதனால் நட்சத்திரத்தை எண்ணுவதற்கு முன்பு கடைசி மூன்று நான்கு பில்லை எடுத்து வையுங்கள். அட்டையில் எழுதியது இல்லாவிட்டால் போனுக்கு வந்த குறுஞ்செய்தியைத் தேடுங்கள். இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் என்கிற எண் மட்டும் போதும்.

நான் இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கு. வேறு மாநிலத்தில் இருந்தால் வழி இதேதான், விலைகள் மாறும்.

கடைசி யூனிட் என்ன விலை?

நம் ஊரில் கரண்டுக்கு ஒரே விலை கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை வைத்து யாரும் கணக்குப் போடுவதில்லை. 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன், எண்கள் முழுசாக இருப்பதால் மனக்கணக்குக்குச் சுலபம். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். இது 500-க்குள் நிற்பவர்களுக்கு. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 என்கிற சலுகைப் படியே காணாமல் போகும்: 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.50, அப்புறம் 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9, 1000 வரை 10, அதற்கு மேல் 11. 2024 ஜூலையில் விலைகள் இன்னும் கொஞ்சம் ஏறின. ஆனால் படிக்கட்டு அதே படிக்கட்டுதான், அதனால் கீழே நான் போடும் கணக்கில் ரூபாய் சற்றுக் கூடும், முடிவு மாறாது.

இதில் 500 என்கிற இடத்தைக் கவனியுங்கள். சரியாக 500 யூனிட் என்றால் பில் 1725 ரூபாய். 501 என்றால் 1958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அந்த ஒரு யூனிட் நீங்கள் ராத்திரி சரியாக மூடாமல் விட்ட ஃப்ரிட்ஜ் கதவாகக்கூட இருக்கலாம்.

ஆகவே ஒரு சாதனம் வருடத்துக்கு இத்தனை யூனிட் மிச்சம் பிடிக்கும் என்றால், அந்த யூனிட்டுகள் உங்கள் பில்லின் மேல்நுனியிலிருந்துதான் கழியும், அடியிலிருந்து அல்ல. மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலையை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். உங்கள் கடைசி யூனிட் எந்தப் படியில் நிற்கிறதோ அந்த விலைதான் உங்கள் விலை.

எங்கள் வீட்டிலேயே இதைப் பார்த்தேன். அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார், இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் போல வரும். அக்கா சென்னையில், இரண்டு ஏசி, பிள்ளைகள், 530 வரும். இரண்டு வீட்டிலும் இருபது வருடத்துக்கு மேல் ஓடிய பழைய ஃப்ரிட்ஜ். இரண்டையும் மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். புதிய சின்ன ஃப்ரிட்ஜ் வைத்தால் பில்லுக்கு 50 யூனிட் குறையும் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு 150 என்பது 100 ஆகும்: 112 ரூபாய் 50 காசு பில் சுழியமாகும், வருடத்துக்கு 675 ரூபாய். அக்காவுக்கு 530 என்பது 480 ஆகும்: 2190 ரூபாய் பில் 1605 ஆகும், ஒரு பில்லுக்கு 585, வருடத்துக்கு 3510. பதினேழாயிரம் ரூபாய் ஃப்ரிட்ஜ் அக்கா வீட்டில் ஐந்து வருடத்துக்குள் தன் விலையைத் திருப்பிக் கொடுக்கும், அம்மா வீட்டில் இருபத்தைந்து வருடம் ஆகும். அக்கா மாற்றினாள். அம்மா ஃப்ரிட்ஜுக்குக் கதவு ரப்பரை மட்டும் மாற்றினோம், இன்னும் ஓடுகிறது. கம்ப்ரஸர் போனால் அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது முற்றிலும் வேறு கணக்கு. வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்கினால் உங்களுக்கு இலவச 100-ம் இல்லை, படிக்கட்டும் இல்லை. முதல் யூனிட்டிலிருந்தே அந்த விலைதான். அப்படிப்பட்ட இடத்தில் மிச்சம் பிடிக்கும் சாதனம், நீங்கள் குறைவாகவே கரண்ட் எரித்தாலும், வேகமாகக் காசைத் திருப்பும். கஷ்டம் என்னவென்றால் அந்த நிலைமையில் இருப்பவர்களிடம்தான் கையில் நாலாயிரம் கூடுதலாக இருக்காது. அவர்களுக்கு என் யோசனை, நட்சத்திரத்தைவிட அளவில் ஒரு படி சின்ன ஃப்ரிட்ஜைப் பார்க்கச் சொல்வதுதான். விலையும் குறையும், கரண்டும் குறையும்.

பழைய ஃப்ரிட்ஜ் எவ்வளவு தின்கிறது என்று பார்ப்பது

சமையலறையில் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுவது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான், அதனால் அதை அளந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிளக்கில் செருகி அளக்கும் சின்ன மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது, அக்கம்பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். அது இல்லாமலும் செய்யலாம். ஊருக்குப் போகும்போது ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வைஃபை பெட்டி, டிவியின் சிவப்பு விளக்கு, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்துத்தான், கிளம்பும் முன் வாசலில் உள்ள ஈ.பி. மீட்டரைப் போனில் ஒரு படம் எடுங்கள், வந்ததும் பூட்டைத் திறக்கும் முன் இன்னொரு படம். இன்வெர்ட்டரை அணைக்க முடியாத வீட்டில் அதன் சார்ஜும் சேர்ந்து வரும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அம்மா வீட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போன மூன்று நாளில் 4.8 யூனிட் ஏறியிருந்தது, அதாவது நாளுக்கு 1.6. வீட்டில் ஆள் இருந்து கதவைத் திறந்து மூடினால் இதைவிடக் கூடத்தான் வரும்.

அவசரமாகத் தெரிய வேண்டும் என்றால் மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுக்கும் என்று மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும், 3200 என்று இருந்தால், இரண்டு மினுக்கலுக்கு இடையே எத்தனை வினாடி என்று எண்ணி 1125-ஐ அதால் வகுத்தால் அந்த நேரத்தில் ஓடும் வாட்ஸ் கிடைக்கும். பத்து வினாடிக்கு ஒருமுறை என்றால் 112 வாட்ஸ். இதை வைத்து மிக்சி, இண்டக்‌ஷன், கெட்டில் எதை வேண்டுமானாலும் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்க்கலாம். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் இது போதாது, ஏனென்றால் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும்.

நாளுக்கு 1.5 யூனிட்டுக்கு மேல் தின்னும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் அது கரண்டை வீணாக்குகிறது. ஒரு யூனிட்டுக்குள் இருந்தால், கரண்டுக்காக மட்டும் அதை மாற்றாதீர்கள்.

மாற்றுவதற்கு முன் காசு செலவில்லாமல் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள், தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் முன்னால் இழுத்து வையுங்கள், பின்னால் கம்பி தெரியும் மாடல் என்றால் தூசியைத் துடையுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலோ மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னல் ஓரத்திலோ ஃப்ரிட்ஜ் இருந்தால் அதற்கு எத்தனை நட்சத்திரம் ஒட்டியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. சாம்பாரைச் சூட்டோடு உள்ளே வைக்காதீர்கள், ஆறியதும் மறக்காமல் வைத்துவிடுங்கள். ஃப்ரீசரில் ஐஸ் கனமாகப் படிந்தால் கரைத்துவிடுங்கள். கத்தி வைத்துக் குத்த வேண்டாம், வாயு போய்விடும். குளிர் அளவைக் கடைசி எண்ணில் வைப்பது நம் வீடுகளில் ஒரு பழக்கம், சித்திரை வெயில் போனதும் அதைக் குறைக்க யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. கீழ்ப்பகுதி 4 டிகிரியில் இருந்தால் போதும்.

முத்திரையில் எதைப் படிப்பது

நட்சத்திர முத்திரையை ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2006-ல் கொண்டுவந்தது. அந்த ஒட்டியில் எல்லோரும் நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள், நீங்கள் அதற்குக் கீழே இருக்கும் எண்ணைப் பாருங்கள், வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும். நட்சத்திரம் என்பது அதே அளவுள்ள மற்ற ஃப்ரிட்ஜோடு ஒப்பிட்டுத் தருவது. பெரிய இரட்டைக் கதவு ஃபைவ் ஸ்டார், சின்ன ஒற்றைக் கதவு த்ரீ ஸ்டாரைவிட அதிகக் கரண்ட் தின்னலாம். அப்புறம், முத்திரை எந்தக் காலத்துக்குச் செல்லும் என்றும் அதிலேயே போட்டிருக்கும். சில வருடத்துக்கு ஒருமுறை விதியை இறுக்குவார்கள், பழைய ஃபைவ் ஸ்டார் புதிய கணக்கில் கீழே இறங்கிவிடும். கடையில் ஸ்டாக் தள்ளுபடி என்று மலிவாகக் கொடுப்பது சில நேரம் பழைய முத்திரை போட்ட சரக்காக இருக்கும். அதுவும் தப்பில்லை, ஆனால் ஃபைவ் ஸ்டார் விலைக்கு வாங்காதீர்கள்.

ஒரு கணக்கு. ஒரே அளவில் இரண்டு ஃப்ரிட்ஜ், ஒன்றில் 180 என்றும் இன்னொன்றில் 130 என்றும் எழுதியிருக்கிறது, விலை வித்தியாசம் நாலாயிரம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 50 யூனிட் மிச்சம். கடைசி யூனிட் 2.25-ல் நிற்கும் வீட்டுக்கு அது வருடத்துக்கு 112 ரூபாய், நாலாயிரம் வர முப்பத்தைந்து வருடம். 4.50-ல் நிற்பவருக்கு 225 ரூபாய், பதினெட்டு வருடம். 9 ரூபாயில் நிற்பவருக்கு 450, ஒன்பது வருடம். ஒன்பது வருடம் என்பது ஃப்ரிட்ஜின் ஆயுளுக்குள் வருகிறது, அதனால் 600 யூனிட்டைத் தாண்டுகிறவர்கள் தைரியமாக வாங்கலாம். மற்றவர்கள் விலை வித்தியாசம் ஆயிரம் ஆயிரத்தைந்நூறுக்குள் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் த்ரீ ஸ்டாரே போதும். 500-ஐ ஒட்டி மேலும் கீழும் ஆடுகிற வீடு என்றால் மட்டும், பில்லுக்கு எட்டு யூனிட் குறைவதுகூட ஏதாவது ஒரு பில்லில் அந்த 233 ரூபாய் அடியிலிருந்து காப்பாற்றும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முத்திரையில் இருக்கும் எண் சோதனைச்சாலையில் எடுத்தது. மே மாதத்து மதுரைச் சமையலறையில் அது கூடும். இரண்டு மாடலுக்கும் சேர்ந்தே கூடும் என்பதால் ஒப்பிடுவதற்கு அது போதும்.

இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் என்று சொல்வது நல்ல விஷயம்தான், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும், சத்தமும் குறைவு. அதன் பலன் ஏற்கெனவே அந்த யூனிட் எண்ணுக்குள் வந்துவிட்டது. அதற்கென்று தனியாக இன்னொரு முறை பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போனால் செலவு பெரிது, ஊரில் வோல்டேஜ் ஆடும் என்றால் போர்டுக்கும் சேர்த்து எத்தனை வருட வாரண்டி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்ப்ரஸருக்குப் பத்து வருடம் என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

இண்டக்‌ஷன் அடுப்பா, கேஸா

சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் வரும் கேள்வி இது. இதற்கும் பதில் அதே பில்லில்தான் இருக்கிறது.

14.2 கிலோ சிலிண்டரில் உள்ள கேஸை முழுசாக எரித்தால் ஏறக்குறைய 180 யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு வரும். அதில் பாத்திரத்துக்குள் போவது குறைவு. கேஸ் அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சத் திறனே 68 சதவீதம்தான், மீதி பாத்திரத்தின் ஓரமாக ஏறி நம் முகத்தில் அடிக்கிறது. இண்டக்‌ஷனில் பாத்திரமே சூடாவதால் 85 சதவீதம் போல உள்ளே போகும். கழித்துக் கூட்டிப் பார்த்தால் ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய 140 யூனிட் போல வேண்டும். 2025 ஏப்ரலில் சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆனது. 140-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 6 ரூபாய்க்குச் சற்று மேல். உங்கள் கடைசி யூனிட் 6 ரூபாய்க்குக் கீழே நின்றால் இண்டக்‌ஷன் லாபம், மேலே நின்றால் கேஸ் லாபம். சிலிண்டர் விலை மாறினால் அன்றைய விலையை 140-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். உஜ்வாலா இணைப்பில் 300 ரூபாய் மானியம் வருகிறவர்களுக்கு அந்த எல்லை 4 ரூபாய்க்கு இறங்கிவிடும், அவர்கள் கேஸிலேயே இருப்பது நல்லது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இண்டக்‌ஷன் போட்டால் யூனிட் கூடும், கூடும் யூனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளும். இப்போது 180 யூனிட் வரும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் என்று வைத்து, முழுச் சமையலையும் மாற்றினால் 320 ஆகும். பில் 180 ரூபாயிலிருந்து 765-க்குப் போகும், 585 ரூபாய் கூடுதல், சிலிண்டர் காசு 868 மிச்சம். லாபம். இதையே 380 யூனிட் வரும் வீட்டில் செய்தால் 520 ஆகும். பில் 1035-லிருந்து 2110-க்குப் போகும், 1075 ரூபாய் கூடுதல், மிச்சம் அதே 868. கையிலிருந்து 207 ரூபாய் போகும். பக்கத்து வீட்டில் லாபமாக இருப்பது உங்கள் வீட்டில் நஷ்டமாக இருப்பது இப்படித்தான்.

உண்மையில் நம் சமையலில் எல்லாவற்றையும் இண்டக்‌ஷனில் செய்ய யாருக்கும் மனம் வராது. குழிவான இரும்பு வாணலி அதில் உட்காராது, அப்பளம் சுட முடியாது, தோசைக்கல் நடுவில் மட்டும் காயும், கத்தரிக்காய் சுட நெருப்புதான் வேண்டும். பால் காய்ச்சுவது, வெந்நீர், குக்கர், சாம்பார், இட்லிப் பானை, இவற்றுக்கு இண்டக்‌ஷன் அருமை, வெயில் காலத்தில் சமையலறையில் புழுக்கம் குறைவது அதில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும், அதற்கு நான் ரூபாயில் விலை போடத் தயாரில்லை. ஆகப் பாதிச் சமையலை மட்டும் மாற்றுவதாக வைத்து, உங்கள் பில்லோடு 70 யூனிட் கூட்டிப் பாருங்கள். 200-க்கும் 400-க்கும் இடையில் அடங்கினால் வாங்குங்கள். 500-ஐத் தாண்டும் போலிருந்தால் வேண்டாம், அல்லது ஏசி ஓடாத மாதங்களில் மட்டும் பயன்படுத்துங்கள்.

பாத்திரச் செலவை மறக்காதீர்கள். அலுமினியக் குக்கரும் பித்தளையும் அதில் வேலை செய்யாது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வையுங்கள், நன்றாக ஒட்டினால் சரி. அடி தட்டையாக இருக்க வேண்டும். எந்தப் பாத்திரமும் போடலாம் என்று விற்கும் இன்ஃப்ராரெட் அடுப்பு வேறு சாதனம், அதில் கம்பி சூடாகி, கண்ணாடி சூடாகி, அப்புறம்தான் பாத்திரம், அதனால் மிச்சம் குறைவு.

இண்டக்‌ஷனை முழு வேகத்தில் வைத்தால் 2000 வாட்ஸ், 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் போர்டில், கண்டிப்பாகக் கூடாது. 16 ஆம்பியர் பாயின்ட்டும் அதற்கேற்ற கனமான வயரும் எர்த்தும் வேண்டும். அதைப் போட எலக்ட்ரீஷியனுக்குக் கொடுப்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கு வையுங்கள். பழைய வீடு என்றால் இந்தச் செலவே அடுப்பின் விலையைத் தொடும்.

கேஸ் அடுப்பிலேயே மிச்சம் பிடிக்க

கேஸ் அடுப்புக்கும் நட்சத்திரம் உண்டு. 68 சதவீதத்திலிருந்து 73-க்குப் போனால் பதினான்கு சிலிண்டர் எரியும் இடத்தில் பதின்மூன்று எரியும். வருடத்துக்கு எட்டு சிலிண்டர் வாங்கும் வீட்டில் அரை சிலிண்டருக்குச் சற்று மேல், அதாவது ஐந்நூறு ரூபாய்க்குள். அடுப்பை எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் நல்ல திறன் உள்ளதாகப் பாருங்கள், நன்றாக எரிகிற அடுப்பை இதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். மேலே கண்ணாடியா எவர்சில்வரா என்பதற்கும் கேஸ் செலவுக்கும் சம்பந்தமே இல்லை, அழகுக்கு வாங்கினால் அழகுக்கு என்று தெரிந்து வாங்குங்கள். சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் ஓட்டை அடைத்திருக்கிறது, கழற்றி ஊசியால் குத்திச் சுத்தம் செய்து காயவைத்துப் போடுங்கள். சுடர் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டக் கூடாது.

என்னைக் கேட்டால் சமையலறையில் போட்ட காசை மிக வேகமாகத் திருப்புவது குக்கர்தான், அதற்கு யாரும் நட்சத்திரம் ஒட்டுவதில்லை. உள்ளே அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 120 டிகிரி வரை போகிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது. கீழே பருப்பு, நடுவில் அரிசி, மேலே காய் என்று அடுக்கி வைக்கும் பழக்கத்தை விடாதீர்கள். ஆவி வந்து வெயிட் போட்டதும் தீயைக் குறைத்துவிடுங்கள், அதற்கு மேல் எரிவதெல்லாம் விசிலாக வெளியே போவதுதான். கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப் போடுங்கள், அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரமாவது. கேஸ்கட் தளர்ந்து ஓரத்தில் ஆவி கசிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

புழுங்கலரிசிச் சோறு வடித்துச் சாப்பிடுகிறவர்களுக்குத் தெர்மல் குக்கர் என்று ஒன்று இருக்கிறது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்கிற அமைப்பு சூடாறாப்பெட்டி என்ற பெயரில் இதைத்தான் வீடு வீடாகப் பரப்பியது. அரிசியைப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டு ஐந்து பத்து நிமிடத்தில் எடுத்து, சூடு வெளியேறாத பெட்டிக்குள் வைத்து மூடினால், மீதி வேக்காட்டை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் எடுத்து வடிக்கலாம், எந்த அரிசிக்கு எத்தனை நிமிடக் கொதி என்பது இரண்டு மூன்று நாளில் பிடிபட்டுவிடும். கரண்டும் இல்லை, ரிப்பேரும் இல்லை. காலையில் வைத்ததைச் சாயங்காலம் வரை உள்ளேயே விடாதீர்கள், வெதுவெதுப்பில் சோறு கெட்டுப்போகும்.

மிச்சம் பிடிக்கும் என்று சொல்லி விற்கும் மற்றவை

மிக்சியிலும் கிரைண்டரிலும் கரண்டை மிச்சம் பிடிப்பதற்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். 750 வாட்ஸ் மிக்சி ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு ஏழெட்டு யூனிட்தான். டேபிள் டாப் கிரைண்டரின் மோட்டார் 150 வாட்ஸ் போல இருக்கும், இட்லி மாவு அரைக்க முக்கால் மணி நேரம் என்றாலும் ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்குக்குள். அதில் பாதியை மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? கல் நன்றாக இருக்கிறதா, மாவு சூடேறாமல் அரைக்கிறதா, ஊரில் சர்வீஸ் உண்டா, இதைப் பார்த்து வாங்குங்கள்.

எலெக்ட்ரிக் கெட்டில் 1500 வாட்ஸ் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது. வாட்ஸ் எவ்வளவு என்பதைவிட எத்தனை நேரம் ஓடுகிறது என்பதுதான் பில்லை ஏற்றும். இதை ஏர் ஃபிரையருக்கும் போட்டுப் பாருங்கள்: 1400 வாட்ஸில் இருபது நிமிடம் என்றால் அரை யூனிட் போல. அது எண்ணெயை மிச்சம் பிடிக்கும், கரண்டை அல்ல. எண்ணெய்க்காக வாங்குவது என்றால் தாராளமாக வாங்குங்கள். மைக்ரோவேவ் ஒரு கிண்ணம் குழம்பைச் சூடாக்க நல்லது, சோறு வடிக்க அல்ல. எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரில் சோறு வெந்த பிறகு சூடாகவே வைத்திருக்கும் பொத்தானில் மதியம் வரை விடுகிற பழக்கம் பல வீட்டில் உண்டு, ஹாட் பாக்ஸில் மாற்றிவிட்டு பிளக்கை எடுத்துவிடுங்கள்.

பாத்திரம் கழுவும் மெஷினைக் கரண்ட் கணக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், ஒரு முறை ஓட ஒரு யூனிட் போல ஆகும். அது வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவரின் நேரத்தையும் முதுகையும் காப்பாற்றுகிறது. அந்தக் கணக்கை அவரையே போடச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, பழைய ஃப்ரிட்ஜை என்ன செய்வது. அக்கா வீட்டில் புதியது வந்த அன்று பழையதை மாடி ரூமில் வைத்துத் தண்ணீர் பாட்டிலுக்கு ஓடவிடலாம் என்று பேச்சு வந்தது, நான் நின்று தடுத்தேன். அப்படி ஓடவிட்டால் பில் 530-லிருந்து குறைவதற்குப் பதிலாக 570-க்குப் போயிருக்கும். கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு ஆயிரம் ஆயிரத்தைந்நூறுதான் தருவார்கள், பரவாயில்லை, கொடுத்துவிடுங்கள். இரும்புக்கடைக்குப் போடுவது என்றால் குழாயை வெட்டி வாயுவைத் திறந்துவிடாத ஆளாகப் பாருங்கள், மின்கழிவு வாங்கும் இடம் ஊரில் இருந்தால் அங்கேயே கொடுங்கள். பிள்ளைகள் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க, வண்டி வரும்வரை கதவைக் கழற்றியோ கயிற்றால் இறுக்கிக் கட்டியோ வையுங்கள்.